அடிபடாத கேப்பு

மூன்றாவது ஊசியும் உடைந்துவிட்டது என்பது லவோனுக்குச் சமையலறையில் நின்றபடியே தெரிந்துவிட்டது. ஷெட்டிலிருந்து ‘டிக்’கென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஹார்லனின் வசவு, அதுவும் நார்வே பாஷையில். அவருடைய அப்பா விட்டுப்போன சொத்தில் அந்த நாலைந்து கெட்ட வார்த்தைகளும் அடக்கம். சின்னக் கோபத்துக்கெல்லாம் அவற்றை வெளியே எடுக்க மாட்டார்.

உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மலைச்சரிவில் பனி பாதிக்குமேல் கரைந்து பழுப்புப் புல் தெரிந்தது. இரண்டு நாளாகச் சினூக் அடிக்கிறது. மலையைத் தாண்டி வருகிற இந்த வெதுவெதுப்பான காற்று மொன்டானாக்காரர்களுக்கு ஜனவரியில் வந்தால் வரம், நவம்பரில் வந்தால் சனியன். பனி இல்லாவிட்டால் எல்க் மான்கள் மேலேயே நின்றுகொள்ளும், கீழே இறங்காது. வேட்டைக்காலம் முடிய இன்னும் ஒரு வாரமும் கொஞ்சமும்தான் பாக்கி. ட்ரூடி இன்னும் ஒன்றும் சுட்டபாடில்லை.

ட்ரூடி இவர்களுடைய ஒரே மகள். டவுனில் முதியோர் இல்லத்தில் வேலை. புருஷன் போனவன் போனவன்தான். இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்க்கிறாள். ஒரு எல்க் விழுந்தால் அந்த வீட்டுக்கு அடுத்த கோடை வரைக்கும் கறி. விழாவிட்டால் மக்ரோனியும் டப்பா பீன்ஸும். அவள் கையிலிருப்பது ஹார்லனின் பழைய ஸ்வீடன் துப்பாக்கி. அதற்கான தோட்டா டவுன் கடைக்கு இந்த வருஷம் வரவேயில்லை. வந்த வருஷங்களிலும் இந்த வீட்டில் யாரும் கடைத்தோட்டா வாங்கியது கிடையாது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, டை என்கிற இரும்பு அச்சுக்குள் இறுக்கி, அடியில் இருக்கிற வெடித்துச் செத்த கேப்பை அதன் ஊசியால் தள்ளி வெளியேற்றி, புதுக் கேப்பு பதித்து, மருந்து அளந்து கொட்டி, வாயில் குண்டை வைத்து அழுத்தினால் மறுபடியும் தோட்டா. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஹார்லனுக்கு இதுதான் பனிக்கால வேலை. சனிக்கிழமை மத்தியானம் வந்து வாங்கிப்போவதாக ட்ரூடி சொல்லியிருந்தாள். இன்றைக்கு வியாழன். முதல் படியான அந்தக் கேப்புக் கழற்றலிலேயே வண்டி குடைசாய்ந்து கிடக்கிறது.

"லவோன்! எமெட்டுக்குப் போன் போடு. அவன்கிட்ட ஊசி இருக்கும். இந்த டை கெட்டுப்போச்சு. இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா இரும்பு செய்யறான்?"

"அந்த டை ட்ரூடி பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கினது, ஹார்லன்."

"அப்ப பழசாகிக் கெட்டுப்போச்சு. ரெண்டுல ஒண்ணு. நீ போனைப் போடு."

எமெட் அடுத்த கோதுமைப் பண்ணைக்காரர். பெண்டாட்டி செத்த பிறகு அவருக்குச் சாப்பாட்டு வேளைகளில் மட்டும் அக்கம்பக்கத்து ஞாபகம் வரும். இன்றைக்கும் சரியாகத் தொத்திறைச்சி வாணலியில் விழுகிற நேரத்துக்கு அவருடைய டிரக் வாசலில் நின்றது. காலணிச் சேற்றைத் தட்டிவிட்டு, மோப்பம் பிடித்துவிட்டு, மனசில்லாமல் ஷெட்டுப் பக்கம் நடந்தார். லவோன் அடுப்பைத் தணித்துவிட்டுக் காபியோடு பின்னால் போனாள்.

ஷெட்டுக்குள் விறகடுப்பு எரிந்தது. மேஜை விளிம்பில் பிரஸ். தண்ணீர்ப் பம்புக்கு இருப்பதுபோல் நீளக் கைப்பிடி. எமெட் அதிலிருந்து டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஊசியை ரொம்ப இறக்கி வெச்சுட்டியா?"

"நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

"கேக்கத்தான் செய்வேன். டாக்டர்கிட்டப் போனா வெளிக்கு ஒழுங்காப் போச்சான்னு கேக்கறானா இல்லையா? அந்த மாதிரிதான்."

"அளவு சரியாத்தான் இருக்கு. நீயே பாரு."

"ஊசி பிடிச்சிருக்கற தண்டு வளைஞ்சிருக்கா?"

"உருட்டிப் பாத்துட்டேன். நேரா ஓடுது."

"நட்டு லூசா?"

"இல்ல."

"கூட்டுக்கு மெருகு ஏத்தறப்போ போட்ட சோளத்தக்கைத் தூள் உள்ள அடைச்சுக்கிட்டு நிக்குதோ?"

"ஊதிப் பாத்தேன்யா. என் மூச்சு போனதுதான் மிச்சம்."

"சரி, எந்தக் கூட்டுல உடைஞ்சது? அதைக் காட்டு."

ஹார்லன் மேஜைமேல் குவிந்து கிடந்த கூடுகளைப் பார்த்தார். கையை நீட்டினார். கை குவியலுக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"இதுல ஏதோ ஒண்ணு," என்றார்.

எமெட் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஹார்லன் மூன்று ஊசியை உடைத்துவிட்டு, உடைத்த கூட்டைத் தனியாக எடுத்து வைக்காமல் திரும்பக் குவியலிலேயே போட்டிருக்கிறார். கவுன்ட்டி நிர்வாகத்தில் சாலை சமன் செய்கிற வண்டி ஓட்டின காலத்தில், ஒரு திருகாணி கழன்றாலும் அதைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவருகிற மனுஷன்.

"லவோன், நீயும் ஒரு டார்ச்சை எடு," என்றார் எமெட். "ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் அடிச்சுப் பாரு. அடியில நடுவா ஒரே ஒரு ஓட்டை இருக்கணும். இல்லாட்டிச் சொல்லு."

மூன்று பேரும் குனிந்து கூடு கூடாகப் பார்த்தார்கள். காபி ஆறியது. வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிற சத்தம் ஓயவில்லை.

"இதுல நடுவுல ஒண்ணுமில்ல," என்றாள் லவோன். "ரெண்டு பக்கமும் ரெண்டு பொடி ஓட்டை. பன்னி மூக்கு மாதிரி."

எமெட் தொடையில் தட்டினார். "வந்துட்டான்யா, ஸ்வீடன் பட்டாளத்தான்! மிலிட்டரிக்காரன் கூடு இது. ஓட்டையே இல்லாத இடத்துல குத்தினா ஊசி உடையாம என்ன பண்ணும்? பாவம், டையைப் போய்த் திட்டிக்கிட்டு இருக்கான்."

"எவனோ கலந்துட்டான்," என்றார் ஹார்லன்.

"உன் ஷெட்டுக்குள்ள வந்து எவன் கலப்பான்?"

"நீதான் வர்ற. திங்கறதுக்குன்னு."

மூவரும் சிரித்தார்கள். தேடத் தேடப் பன்னி மூக்கு இன்னும் நாலைந்து அகப்பட்டது. எமெட் அவற்றை அடுப்புச் சாம்பல் வாளியில் வீசிவிட்டுப் புது ஊசியை மாட்டிக் கொடுத்தார். தொத்திறைச்சியையும் கிரீம் ஊற்றின உருளைக்கிழங்கையும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், ரொட்டியில் காட்டுச்செர்ரி ஜாமை வழிய வழியத் தடவிக்கொண்டார். வழியனுப்ப டிரக் வரைக்கும் வந்த லவோனிடம் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஹார்லன் நல்லாத் தூங்கறானா?"

"தூங்கறாரே. ஏன்?"

"சும்மாதான்," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

வெள்ளிக்கிழமை ஷெட்டிலிருந்து சீட்டிச் சத்தம் வந்தது. சாயங்காலம் லவோன் காபி கொண்டுபோனபோது மரத்தட்டு நிறையக் கூடுகள் தலைகீழாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் புதுக் கேப்பு பளபளத்தது.

"பாத்தியா? நாளைக்குக் காலையில மருந்து போட்டுக் குண்டு வெச்சா, மத்தியானம் ட்ரூடிக்கு ரெடி," என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"காலையில மாத்திரை போட்டியா நீ?"

"போட்டேன், போட்டேன்."

நம் பாஷையில் வெடிக்கிறதும் மருந்து, குணமாக்குகிறதும் மருந்து. ஹார்லனுக்கு டாக்டர் கொடுத்தது ரத்தக்கொதிப்புக்கு மட்டும்தான். வேறு ஏதாவது இருக்குமோ என்று இதுவரை யாரும் டாக்டரிடம் கேட்கவில்லை. லவோனும் கேட்கவில்லை. போன மாதம் டவுனிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் அவர் வேறு சாலையில் திரும்பி, வெகுதூரம் போன பிறகு, "இங்க ஒரு தடவை நீ கரடி பாத்தியே, ஞாபகம் இருக்கா?" என்று ஏதோ அதற்காகவே வந்ததுபோல் சமாளித்தார். அவளும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலை பான்கேக் சுட்டு வைத்துவிட்டு அவரைக் கூப்பிட ஷெட்டுக்குப் போனாள். பிரஸ்ஸின் கைப்பிடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"வா வா, இதைப் பாரு. வெண்ணெய் மாதிரி இறங்குது," என்றார். "அன்னைக்கெல்லாம் தோள்பட்டை கழண்டு விழுந்துச்சு. எமெட் குடுத்த ஊசிக்கு என்ன மவுசுங்கற!"

ஒவ்வொரு தடவை கைப்பிடி இறங்கும்போதும் கீழே இருந்த கண்ணாடி ஜாடியில் ‘டங்’கென்று ஒன்று விழுந்தது. ஜாடி பாதி நிறைந்திருந்தது. வழக்கம்போல் குப்பையில் கொட்டலாம் என்று அவள் அதை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் எத்தனை செத்த கேப்புகளைக் கூட்டித் தள்ளியிருப்பாள்! செருப்படியில் ஒட்டிக்கொண்டு சமையலறை வரைக்கும் வரும். எல்லாம் கருகி, நடுவில் துப்பாக்கி முள் குத்தின பள்ளத்தோடு இருக்கும். இந்த ஜாடியில் கிடந்தவை வெள்ளிக் காசுபோல் மின்னின. ஒன்றின் முகத்திலும் பள்ளமில்லை. மரத்தட்டைப் பார்த்தாள். நேற்று அடிப்பாகம் மின்ன நின்ற கூடுகளில் பாதிக்குமேல் இப்போது அடியில் ஓட்டையோடு நின்றன. நேற்றைக்கு அவரே பதித்த புதுக் கேப்புகளை இன்றைக்கு அவரே குத்தித் தள்ளிக்கொண்டிருக்கிறார். கைப்பிடி ஏன் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது என்பதும் அவளுக்குப் புரிந்தது. ஏற்கெனவே டைக்குள் போய் இறுகி வந்த கூடு மறுபடி போனால் எங்கே முரண்டு பிடிக்கும்?

"ஹார்லன், என்ன பண்ணிட்டு இருக்க?"

"கண்ணு தெரியலையா? கேப்பு கழட்டறேன்."

"நேத்து..."

"நேத்து என்ன?"

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு குழப்பமும் இல்லை. நல்ல தெளிந்த நீலக் கண்.

"நேத்துக் குடிச்ச காபிக் கோப்பை எங்கன்னு கேக்க வந்தேன்," என்றாள். ஜாடியை முந்தானையில்லாத ஊரில் எதற்குள் மறைப்பது? கம்பளிச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

எமெட் போனை உடனே எடுத்தார். அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"எமெட், இருக்கியா?"

"இருக்கேன்." கனைத்துக்கொண்டார். "லவோன், போன வருஷம் அவன் குடுத்த தோட்டாவுல ஒண்ணு மருந்தே இல்லாம இருந்தது. கேப்பு மட்டும் வெடிச்சுக் குண்டு குழல்லயே சிக்கிக்கிச்சு. கவனிக்காம அடுத்ததைச் சுட்டிருந்தா இன்னைக்கு நான் உன்கூடப் பேசிட்டு இருக்க மாட்டேன்."

"போன வருஷமா? ஏன்யா என்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? இத்தனை வருஷமா அவன் தோட்டாவைத்தான் சுடறேன். யாருக்கும் ஒரு தடவை கை தவறாதான்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் அவன் குடுத்ததை வாங்கி வாங்கி அலமாரியில வெச்சிருக்கேன். சுடல."

"அடப்பாவி."

"மருந்து போட மறந்தவன் ரெண்டு தரம் போட்டுட்டான்னு வை, துப்பாக்கியே கன்னத்துக்குப் பக்கத்துல பொளந்துக்கும். ட்ரூடிகிட்ட அதைக் குடுத்துராத. அவன்கிட்டச் சொல்லு."

"நீ வந்து சொல்லு."

"நானா? நீதான் பொண்டாட்டி."

"நீதான் சிநேகிதன். ஒரு வருஷமாத் தெரிஞ்சு வெச்சிருக்க."

"என்னால முடியாது, லவோன். வேணும்னா என் துப்பாக்கியை ட்ரூடிக்குக் குடுக்கறேன், கடைத்தோட்டாவோட. சொல்றது மட்டும் என்னால ஆகாது." அந்தப் பெரிய மனுஷர் போனில் மூக்கை உறிஞ்சினார்.

பான்கேக்குகள் தட்டில் விறைத்துக் கிடந்தன. லவோன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். முகத்தைக் கழுவினாள். ஜாடியிலிருந்து ஒரு பிடி கேப்பை அள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள்.

"ஹார்லன், இதைப் பாரு," என்று உள்ளங்கையை விரித்தாள்.

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார். ஒரு நொடிதான். முகம் சிவந்துவிட்டது.

"இது புதுக் கேப்பு. உசுரோட இருக்கற கேப்பு. யார் இதைக் குத்தித் தள்ளினது?"

சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள். எழுபத்து மூன்று வயசு மனுஷன் காலையில் சவரம் செய்துகொண்ட முகத்தோடு எதிரே நிற்கிறார். தாடையில் கொஞ்சம் நுரைகூட மிச்சமிருந்தது.

"நான்தான்," என்றாள்.

"நீயா?"

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு... கொஞ்சம் அழுத்திப் பாத்தேன்."

அப்புறம் அவர் திட்டினார் பாருங்கள், கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் வாங்காத திட்டு. புத்தி இருக்கா? இது என்ன முட்டைக்கோஸ் நறுக்கற வேலைன்னு நெனச்சியா? ஒண்ணு வெடிச்சிருந்தா கண்ணு போயிருக்குமே! எது பண்ணினது, எது பண்ணாததுன்னு தெரியாத ஆள் இந்த மேஜைகிட்ட வரலாமா? நாளைக்கு இதே ஞாபகத்துல மருந்தை ரெண்டு தரம் கொட்டி வெச்சா என்ன ஆகும்? யார் சுடப்போறா இதை? நம்ம பொண்ணு! அவ மூஞ்சியிலயா வெடிக்கணும்? வார்த்தைக்கு வார்த்தை சரி. ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. லவோன் கையில் கேப்புகளோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்படிப்பட்ட ஆளை என்ன பண்ணணும், ஹார்லன்?"

"மருந்துப் பக்கமே விடக்கூடாது. பூட்டிச் சாவியை எடுத்துறணும்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்தான்."

மருந்து டப்பாக்கள் இருக்கிற மரப்பெட்டியில் ட்ரூடி குழந்தையாக இருந்தபோது போட்ட பூட்டு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, சாவியும் அதிலேயே. அவர் போய்ப் பூட்டை அழுத்திப் பூட்டினார். சாவியை உருவி எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி, காதை மூடுகிற அதன் மடலை மேலே மடித்திருந்த இடுக்கில் செருகித் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். அவளிடம் வந்து தோளைத் தொட்டார். குரல் இறங்கியிருந்தது.

"ரொம்பக் கத்திட்டேன். மனசுல வெச்சுக்காத. உனக்கும் வயசாகுது. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

"இல்லை," என்றாள் அவள். கையிலிருந்த கேப்புகளை மேஜைமேல் வைத்தாள்.

"வா, பசிக்குது."

விறைத்த பான்கேக்கைச் சூடாக்கிக் கொடுத்தாள். தொப்பியைக் கழற்றாமலேயே சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனவர் பெட்டிமுன் நின்று கூப்பிட்டார்.

"லவோன்! இந்தப் பெட்டியை யார் பூட்டினது?"

அவள் வாசற்படியிலேயே நின்றாள். "நீதான பூட்டின."

"நானா? சாவி எங்க?"

"உன்கிட்டத்தான் இருந்தது."

மேல்சட்டைப் பையைத் தட்டினார். பேண்ட்டுப் பையைத் தட்டினார். இழுப்பறையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஆணி டப்பாக்களைக் கவிழ்த்தார். தலையைக் குனியும்போதெல்லாம் தொப்பி மடலின் மடிப்பில் சாவியின் நுனி லேசாக மின்னியது. ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. வெளியே ட்ரூடியின் வண்டி வந்து நின்றது.

வேட்டைக்கான ஆரஞ்சு சட்டையும் தோளில் துப்பாக்கியுமாக ட்ரூடி உள்ளே வந்தாள். "அப்பா, ரெடியா? காத்து திரும்புது. சாயங்காலம் பனி விழும்ங்கறாங்க. ராத்திரியே இறங்கிரும் மான் எல்லாம்."

"ரெடிதான், ரெடிதான். மருந்து போடறதுதான் பாக்கி. சாவியை இங்கதான் வெச்சேன். உங்கம்மா எதையாவது எடுத்து ஒழுங்குபண்ணியிருப்பா."

"பூட்டை வெட்டிருவோமே. அந்தப் பெரிய கட்டரை எடுத்தா ஆச்சு."

"வேண்டாம்," என்றாள் லவோன். அவசரமாக வந்துவிட்டது. "எமெட் அவர் துப்பாக்கியைத் தர்றேன்னிருக்கார், கடைத்தோட்டாவோட. நீ அங்க போயிரு."

"எமெட் துப்பாக்கியா? எதுக்கு? அப்பா தோட்டா இருக்கறப்போ..."

ட்ரூடி நிறுத்திக்கொண்டாள். அப்பா மறுபடியும் மேல்சட்டைப் பையைத் தட்டினார். பேண்ட்டுப் பையைத் தட்டினார். மறுபடியும் மேல்சட்டை. முதியோர் இல்லத்தில் அவள் தினமும் பார்க்கிற தட்டல் அது. அங்கே இருக்கிற எத்தனையோ கிழவர்கள் விற்றுப்போன வண்டியின் சாவியை அப்படித்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கண் அவருடைய தொப்பிக்குப் போனது. சாவியைப் பார்த்துவிட்டாள். "அப்பா, உங்க..." என்று கையைத் தூக்கினாள்.

லவோன் மகளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள். வேண்டாம்.

ட்ரூடியின் கை அப்படியே நின்றது. அம்மாவைப் பார்த்தாள், மேஜைமேல் கிடந்த அடிபடாத கேப்புகளைப் பார்த்தாள், மரத்தட்டைப் பார்த்தாள். வேட்டைக்காரி அவள், யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தூக்கிய கையை இறக்கினாள்.

ஹார்லன் ஷெட்டின் நடுவில் நின்றுவிட்டார். இரண்டு கைகளும் வெறுமனே தொங்கின.

"லவோன்," என்றார். "எனக்கு என்னமோ ஆகுது. இப்பத்தான் கையில வெச்சிருந்தேன். எனக்கு என்னமோ ஆகுது."

அவள் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தொப்பி அவள் கண்ணுக்கு நேரே இருந்தது.

"ஒண்ணுமில்ல. கிடைச்சுரும்," என்றாள். "நானும் தேடறேன்."

அவள் மேஜைக்கு அடியில் குனிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ட்ரூடியும் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு விறகுக்குவியல் பக்கம் மண்டியிட்டாள். பனி விழ ஆரம்பித்த பிறகும் மூன்று பேரும் தேடிக்கொண்டிருந்தார்கள்.